மணியைக் கூப்பிடும் கை

ராஜபாளையத்தில் வெள்ளை நாயைத் தொலைத்தவனைப் போலப் பாவப்பட்டவன் யாரும் கிடையாது. செல்போன் தொலைந்தால் ரிங் விட்டுப் பார்க்கலாம். வெள்ளை நாயைத் தொலைத்துவிட்டு, "உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு ரோஸு, ஒல்லியா ஒசரமா இருக்கும்" என்று அடையாளம் சொன்னால், கேட்கிற ஆள் மெதுவாகத் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே அதே அடையாளத்தோடு ஒன்று காலை நீட்டிப் படுத்திருக்கும்.

வின்சிக்கு இது தெரியாமல் இல்லை. பிறந்ததும் வாக்கப்பட்டதும் இதே ஊர்தான். ஆனால் பதற்றத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? அவள் வீட்டு வெள்ளை நாய் மணி காணாமல் போன அன்றைக்கே அதன் போட்டோவை சபை குரூப், தெரு குரூப், அச்சுக்காரர்கள் குரூப் என்று எல்லாவற்றிலும் தட்டிவிட்டாள். மறுநாள் காலையில் இருந்து போன் ஓயவில்லை. மம்சாபுரத்தில் டீக்கடைப் பக்கம் ஒரு வெள்ளை நாய் நிற்கிறதாம். சுந்தரபாண்டியத்தில் ஒன்று வயக்காட்டில் ஆடுகளை விரட்டுகிறதாம். புருஷன் தேவஇரக்கம் எல்லா இடத்துக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். எல்லா இடத்திலும் வெள்ளை நாய் இருந்தது, மணிதான் இல்லை. சோழபுரத்தில் ஒருவர் இவன் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "அது இல்லாட்டி என்ன தம்பி, இதைக் கொண்டு போங்க, இதுவும் வெள்ளைதான்" என்று தன் நாயையே அவிழ்த்துக் கொடுக்க வந்துவிட்டார்.

தொலைந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். கல்யாண வீட்டுக்கு அச்சடித்த தாம்பூலப் பைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி, மணியையும் அதிலேயே கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மண்டபத்துப் பின்வாசலில் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், ஆட்டோவில் கயிறு மட்டும் கிடந்தது. வேறு நாயாக இருந்தால் தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கத்தியிருக்கலாம். மணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்தச் சாதியில் சில குட்டிகள் அப்படிப் பிறப்பதுண்டு. நாய் வளர்த்து விற்கிற பக்கத்துத் தெரு ராஜு வீட்டுப் பெரியவர், விற்க முடியாத குட்டியைக் கையில் தூக்கி வந்து, "தீஸ்கோ, சும்மாவே வச்சுக்கோ" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மணி என்று பெயர் வைத்தது தேவஇரக்கம்தான். அந்தப் பெயரை நாய் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்குத் தெரிந்ததெல்லாம் கை. தேவஇரக்கம் வலது கையை உயர்த்தி இரண்டு தடவை தொடைப் பக்கம் இறக்கினால் 'வா'. இடது கையை நிமிர்த்திக் காட்டினால் 'நில்லு, கிட்ட வராதே'. அடுப்படிப் பக்கமும் மெஷின் பக்கமும் அது வந்துவிடக் கூடாதே என்று இடது கைப் பாடத்தைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தான். பிறகு வலது கையையும் கற்றுக்கொண்டது. ரொம்பக் கெட்டிக்கார நாய். கொஞ்சம் சோம்பேறி.

அந்த வலது கையில் மூன்று விரல்தான் உண்டு.

இருவருக்கும் சங்கரன்கோவில் முக்குப் பக்கம் ஒரு அச்சுக்கடை. வின்சி துணிப் பைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வாள். பிளாஸ்டிக் பையைத் தடை செய்த பிறகு அவளுக்கு நிமிர நேரமில்லை. தேவஇரக்கம் டிரெடில் என்ற பழைய அச்சு மெஷினில் ரசீது புத்தகங்களுக்கு நம்பர் போடுவான், அழைப்பிதழ் அட்டைகளுக்கு மடிப்புக் கோடு போடுவான். சில வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் மாதத்துக் காலண்டர் அவசரத்தில், தாளை வைத்த கையை எடுப்பதற்குள் மெஷின் மூடிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியோடு போயின. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, காலால் மிதித்து ஓட்டுவதற்கு மாற்றிக்கொண்டான். வேலையை விடவில்லை. விட்டது மனுஷரைத்தான். தோளில் ஒரு துண்டு, அந்தத் துண்டுக்குள்ளே வலது கை. சபையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்து என்றால் பந்தியில் உட்கார மாட்டான், தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். வின்சி பார்க்கும்போதுகூடக் கை தானாகத் துண்டுக்குள் போய்விடும். அதை வெளியே எடுத்து அவன் தாராளமாக நீட்டுவது ஒரே ஒரு உயிருக்கு முன்னால்தான். அந்த உயிர்தான் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தத் தெருவில் நிற்கிறதோ தெரியவில்லை.

ஒரு வாரம் போல ஆயிற்று. தேவஇரக்கம் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். ரசீது புத்தகம் ஒன்றில் நம்பரை மாற்றிப் போட்டுவிட்டு, திட்டு வாங்கியும் உறைக்காமல் நின்றான். நாய் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம், இந்த ஆளை விட முடியுமா? வின்சிக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. கை அடிபட்ட வருஷம் இவன் எப்படி இருந்தானோ அந்தப் பழைய இருட்டுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் பைகளைக் காயப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நான் போட்டோ போட்டதே தப்பு. வெள்ளை நாய் ஆயிரம் கெடக்கு. இந்தக் கைக்கு வார நாய் ஒண்ணுதான் இருக்கு. கையை நோட்டீஸா அடிப்போம்."

அவன் முதலில் புரியாதது போலப் பார்த்தான். புரிந்ததும் துண்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"என்னத்தச் சொல்லுதே நீ. ஊர்ச் செவுத்துல எல்லாம் என் மொடக் கையை ஒட்டணுமா?"

"நாய் வேண்டாமா உங்களுக்கு?"

"அதுக்கு?"

"பொறவு எப்படிக் கூப்பிடுவாவ அதை? வாயால கூப்பிட்டா வருமா?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துப் பேசினான்.

"போட்டோ எடுக்கக் கூடாது. இன்னொருத்தன் கம்ப்யூட்டருக்கு என் கை போகக் கூடாது. வெரலு இல்லன்னு எழுதக் கூடாது, மடக்கணும்னு எழுது. பாக்குறவன் மடக்கின கைன்னு நெனச்சுக்கிடட்டும்."

"சரி" என்றாள் வின்சி. வேறு எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

படம் வெளியே போகக் கூடாது என்றால் கடையில் இருப்பதை வைத்துத்தான் அடிக்க வேண்டும். பழைய டிரெடில் இருக்கிறது. ரசீது தலைப்புக்கு வைத்திருக்கும் ஈய எழுத்து ஒரு பெட்டி இருக்கிறது. படத்துக்கு லினோ. ரப்பர் மாதிரி வழுவழுவென்று இருக்கும் அந்தத் தகட்டில், வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் சின்ன உளியால் செதுக்கித் தள்ளிவிட்டால், மேடாக நிற்கிற இடம் மட்டும் மையை வாங்கித் தாளில் விழும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வாழ்த்து அட்டைக்காக வாங்கிய தகடு இரண்டு துண்டு மிச்சம் இருந்தது.

தேவஇரக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி இருந்தது. வின்சி பார்த்துப் பார்த்து வரைந்தாள், வரைந்ததை அப்படியே செதுக்கினாள். நன்றாகத்தான் வந்தது. அவளே மெச்சிக்கொண்டாள். கட்டையில் ஒட்டி, கீழே எழுத்துகளைக் கோத்து, மெஷினில் பூட்டி, முதல் தாளை அடித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

தேவஇரக்கம் எட்டிப் பார்த்தான். தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"ஏட்டி, இருந்த ஒரு நல்ல கையையும் வெட்டிப் போட்டியே."

தாளில் இருந்தது இடது கை. லினோவில் செதுக்கியது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும் என்பது அச்சுக்கடைச் சுவருக்குக்கூடத் தெரியும். வின்சிக்கும் தெரியும். ஆனால் பத்து வருஷமாக ஸ்கிரீனில் கை பழகியவள். அதில் மேலே எப்படிப் பார்க்கிறோமோ அப்படியேதான் பையில் இறங்கும். ஈய எழுத்தோ வார்க்கும்போதே திருப்பி வார்த்தது, கோக்கிறவள் யோசிக்க வேண்டியதில்லை. கையை மட்டும் திருப்பித் தர ஆள் இல்லை. அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. தேவஇரக்கம் சிரித்துக்கொண்டிருந்தான். மணி தொலைந்த பிறகு முதல் சிரிப்பு. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

"எடது கையைக் காட்டுனா அது கிட்ட வராதுல்லா. இதை ஒட்டுனா ஊரே சேந்து அதைத் தூர வெரட்டி விட்டுரும்."

மிச்சம் இருந்தது ஒரே துண்டு. இன்னொரு தடவை தப்பினால் கடைக்குத்தான் போக வேண்டும். வின்சி அந்தத் துண்டையும் மைத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ரோலரில் மையைத் தோய்த்து எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"கையைக் கொடுங்க. வரையவே வேண்டாம். உங்க கையிலயே மையைத் தடவி நேரா இதுல பதிச்சுருவோம். தகட்டுல திரும்பி விழும், தாளுக்குப் போறப்ப மறுபடியும் திரும்பிச் சரியாயிரும்."

அவன் தயங்கினான். துண்டுக்குள் இருந்த கை வெளியே வந்து, பாதியில் நின்றது. வின்சி காத்திருக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டுப் பிரித்த காலத்தில் தினமும் துடைத்துவிட்ட கை அது. புண் ஆறியதும் அவளிடம் இருந்து பறிபோய்விட்டது. உள்ளங்கையில், மூன்று விரலில், ரோலரை உருட்டினாள். கடைசியில் அந்த இரண்டு மொட்டையின் மேலும் உருட்டினாள். அவன் கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான்.

"வலிக்கா?"

"இல்ல. குளுந்து இருக்கு."

தகட்டின் மேல் கையை வைத்தான். வின்சி தன் இரண்டு கையையும் அதன் மேல் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினாள் என்று சொல்ல வேண்டும். அச்சுக்கு அவ்வளவு தேவையில்லை.

எடுத்துப் பார்த்தபோது ரேகை முதற்கொண்டு விழுந்திருந்தது. ஆயுள் ரேகை, காய்ப்பு, கட்டைவிரல் அடியில் பழைய வெட்டு எல்லாம் இருந்தன. அதை விடாமல் பிடித்துக்கொண்டு செதுக்கினாள். சாயங்காலத்துக்குள் மெஷினில் ஏற்றிவிட்டார்கள். அடித்தது தேவஇரக்கம்தான். இரண்டு விரலைத் தின்ற அதே மெஷின், அதே கையைத் தாள் தாளாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அது மூடித் திறக்கும்போதும் வின்சி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சரியாக வலது கை. நன்றாக விரித்த கை. பார்த்தவுடன் இரண்டு விரலை மடக்கிய மாதிரிதான் தோன்றும்.

கீழே எழுத்து இப்படி இருந்தது: 'வெள்ளை நாய். காது கேட்காது. பெயர் சொன்னால் வராது. வலது கையில் சுண்டு விரல், மோதிர விரல் இரண்டையும் மடக்கி, இதே போல் உயர்த்தி இரண்டு தடவை கீழே இறக்கினால் வரும். இடது கையைக் காட்ட வேண்டாம்.' அடியில் வின்சியின் போன் நம்பர்.

மறுநாள் இருவரும் பசை வாளியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டு, தேரடி, பால்கோவாக் கடை வீதி, மண்டபத்தைச் சுற்றி உள்ள தெருக்கள். வின்சி பசை தடவ, தேவஇரக்கம் இடது கையாலேயே ஒட்டினான். வலது கை துண்டுக்குள் பத்திரமாக இருந்தது. சுவரில் இருப்பதற்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவன் போல, ஒட்டி முடித்ததும் அவசரமாக அடுத்த சுவருக்கு நகர்ந்தான். யாராவது நின்று படித்தால் வேகம் கூடியது.

போன் வந்தது அதற்கு மறுநாள். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கப் பேசியது.

"அக்கா, நான் இந்து பேசுதேன். பால்கோவா அடுப்புல வேலை பாக்கேன். எங்க கொட்டாய்க்குப் பின்னால ஒரு வெள்ளை நாய் நாலஞ்சு நாளாக் கெடக்கு. சட்டியில சொரண்டி ஊத்துறதத் தின்னுட்டுத் தூரப் போயிரும், யாரையும் கிட்ட விடாது. இப்ப அந்த நோட்டீஸ்ல இருக்க மாதிரி வெரலை மடக்கிக் காட்டுனேங்க்கா. வந்துட்டு. நேரா வந்து என் கையை நக்கிட்டு."

வின்சி போனை அப்படியே தேவஇரக்கத்தின் காதில் வைத்தாள். கேட்டுவிட்டு அவன் சட்டையை மாற்றாமலே பைக்கை எடுத்தான், வின்சி பின்னால் ஏறிக்கொண்டாள்.

போய்ச் சேர்வதற்குள் அங்கே திருவிழா கூடியிருந்தது. நாய் கைக்கு வருகிறது என்ற செய்தி வீதி முழுக்கப் பரவி, அடுப்புக்காரர்கள், பால் கொண்டு வந்தவர்கள், டீ குடிக்க வந்தவர்கள் என்று ஆளாளுக்கு வந்து இரண்டு விரலை மடக்கிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதலில் மணியும் சலிக்காமல் ஒவ்வொருவரிடமும் போய் நக்கியிருக்கிறது. எத்தனை பேருக்குத்தான் போகும்? கடைசியில் அலுத்துப் போய், நின்றிருந்த பால் வேனுக்கு அடியில் புகுந்து சுவரோரம் சுருண்டுகொண்டது. இப்போது யார் கூப்பிட்டாலும் வருவதில்லை.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துக்கு வந்தீய" என்றாள் இந்து. அவளுக்குக் குற்ற உணர்ச்சி. "நான் கட்டிப் போட்டிருக்கணும். இவுக விடல."

வேனைச் சுற்றி ஒரே கைகள். வின்சி அதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள். பெண்கள் கை, தாத்தாக்கள் கை, மாவு ஒட்டிய கை, பால் கேன் தூக்கிக் காய்த்துப் போன கை. எல்லாம் வலது கை, எல்லாவற்றிலும் மூன்று விரல். தன் வீட்டில் துண்டுக்குள்ளே ஒளிந்து கிடந்த ஒன்றை ஒரு வீதியே கையில் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு முகத்திலும் பரிதாபம் இல்லை. எப்படியாவது அந்த நாயை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற மும்முரம்தான் இருந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு அசையவில்லை.

வேல்சாமி என்ற பால்காரப் பெரியவர் எல்லோருக்கும் முன்னால் குனிந்து முயன்றுகொண்டிருந்தார். அவருக்கு மோதிர விரல் மடங்குகிறது, சுண்டு விரல் மடங்கவில்லை. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினால் அந்தப் பக்கம் நடுவிரலும் சேர்ந்து மடங்குகிறது. நாய்க்காரன் வந்துவிட்டான் என்றதும் நிமிர்ந்தார்.

"நல்லாக் கொடுத்தீரய்யா ஒரு அடையாளம். சுண்டு வெரலு வாதத்துல வெறச்சுக் கெடக்கு, மடங்க மாட்டேங்கு. நீரு எப்படித்தான் மடக்குதீரு? செத்தக் காட்டும், பாப்போம்."

கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. வின்சி ஓடிப் போய் நடுவில் நின்று மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். நல்லவேளை, போகவில்லை.

தேவஇரக்கம் துண்டைத் தோளில் இருந்து எடுத்து அவளிடம் கொடுத்தான். கையை விரித்து, எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பிடித்தான்.

"எனக்கு மடக்குற வேலை இல்ல பெரியவரே. மெஷினு மடக்கிட்டு."

அவன் யாருடைய பதிலுக்கும் நிற்காமல் குத்தவைத்து உட்கார்ந்து, வேனுக்கு அடியில் கையை நீட்டி, உயர்த்தி, இரண்டு தடவை இறக்கினான். சுவரோரத்தில் சுருண்டிருந்தது தலையைத் தூக்கியது. அத்தனை கையையும் பார்த்துப் பார்த்து ஏமாந்த நாய் இந்தக் கையை ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தது. பிறகு தவழ்ந்து, புழுதியோடும் கிரீஸோடும் வெளியே வந்து, அவன் மேலேயே விழுந்தது. பால்கோவாச் சுரண்டல் தின்று ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. விரல் இல்லாத அந்த இடத்தைத்தான் முதலில் நக்கியது.

வின்சி வெட்கமில்லாமல் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த இந்துவும் சேர்ந்து அழுதாள். அவளுக்கு எதற்கு அழுகிறோம் என்று முழுசாகத் தெரியாது.

வேல்சாமி தன் மடங்காத சுண்டு விரலையும் எதிரே இருந்த கையையும் ஒரு தடவை பார்த்தார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஒரு காலிப் பால் டிரேயைக் கவிழ்த்துப் போட்டார்.

"இதுல உக்காரும். எந்த மெஷினு? எப்படி மாட்டுச்சு?"

தேவஇரக்கம் உட்கார்ந்தான். மணி அவன் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டது. யாரோ டீ சொன்னார்கள். அவன் கையை உயர்த்தி, இதுதான் தாள் வைக்கிற பக்கம், இதுதான் மூடுகிற பக்கம் என்று அந்த மூன்று விரலாலேயே காட்டி, அந்த டிசம்பர் மாதத்தில் என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தான்.

வின்சியும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக அவளிடமும் அவன் அதைச் சொன்னதில்லை.